அம்மாவுக்கு மைட்ரல் வால்வில் கசிவு: கிளிப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

அம்பைக்காரன்:

நெல்லை வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம். அம்மாவுக்கு வயது 71. ஊர் அம்பாசமுத்திரம். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தோம். அதன்பின் கோயில், குளம், கல்யாணம் என்று நன்றாகத்தான் நடமாடினார். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்துகொண்டால்தான் தூக்கம். நடுஇரவில் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறார். கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து, கடைசியில் தட்டாரிடம் கூட்டிப்போய் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு என்று வந்திருக்கிறது. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை இந்த இதயத்துக்குத் தாங்காது என்கிறார் டாக்டர். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாயைச் செலுத்தி வால்வில் கிளிப் போடலாம் என்றும் சொன்னார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் விசாரித்தோம். இருபது லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் ஆற்றங்கரை வயலை விற்றுவிடலாம் என்கிறார். அத்தான் திருவனந்தபுரம் போகலாம் என்கிறார். அம்மாவோ "எனக்காக ஒரு சென்ட் நிலத்தைத் தொடக்கூடாது" என்று பிடிவாதமாக நிற்கிறார். கிளிப் போட்டுக்கொண்டவர்கள், அதைப் பற்றி அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

தம்பி, பத்திரத்தை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். ஒரு காலத்தில் ஸ்டென்ட்டையும் லட்சத்துக்கு மேல் விற்றார்கள். 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு கொண்டுவந்ததும் மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. பொருள் அதே பொருள்தான். இந்தக் கிளிப்புக்கு அப்படியொரு உச்சவரம்பு வரவில்லை. எங்கே உச்சவரம்பு இல்லையோ அங்கே சிபாரிசு அதிகம் வரும் என்பது என் அனுபவம்.

எக்கோ அறை:

அண்ணாச்சியின் கோபம் நியாயமானதுதான். ஆனால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு இருப்பது எந்த வகைக் கசிவு?

நான் எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். டாக்டர் அல்ல. தினமும் திரையில் பார்ப்பதைச் சொல்கிறேன். மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு இரண்டு இதழ்கள். இதழ்களை மெல்லிய நாண்கள் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நாண்கள் கீழறைச் சுவரில் உள்ள தசைத் தூண்களில் முடியும். இதழ் தளர்ந்து மேலே துருத்தினாலோ, நாண் அறுந்தாலோ ஏற்படுவது முதல்நிலைக் கசிவு. அங்கே குற்றவாளி வால்வேதான். இதழும் நாணும் ஒழுங்காக இருந்தும், மாரடைப்பில் தசை செத்துக் கீழறை விரிந்து, தூண்கள் விலகி, இதழ்கள் நடுவில் சேர முடியாமல் போவது இரண்டாம்நிலைக் கசிவு. நிலை கோணினால் நல்ல கதவும் சாத்தாது. உங்கள் அம்மாவுக்கு மாரடைப்பு வந்திருப்பதால் இந்த இரண்டாவது வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அறிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. எக்கோ எடுத்த அன்று அம்மா எப்படி இருந்தார்? உடம்பெல்லாம் நீர் கோத்து, ரத்த அழுத்தம் ஏறி, மூச்சு முட்டிய நிலையில் எடுத்திருந்தால் கசிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நீர் வடிந்து அழுத்தம் அடங்கியபின் எடுத்தால் அதே வால்வு வேறு கணக்குச் சொல்லும். ஒரே நோயாளிக்கு இப்படி இரண்டு விதமாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அறிக்கையில் இருக்கும் எண்களையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் இங்கே போடுங்கள். பெயர், முகவரி வேண்டாம்.

குறிச்சிக்காரர்:

என் அப்பாவுக்குச் சென்னையில் கிளிப் போட்டோம். அப்போது அவருக்கு 82. நாண் அறுந்த கேஸ், அதாவது எக்கோ அக்கா சொல்லும் முதல் வகை. ஒருநாள் காலையில் காய்கறி வாங்கப் போனவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பழைய நுரையீரல் கோளாறும் சிறுநீரகக் குறைபாடும் இருந்ததால் அறுவை மருத்துவரே கையை விரித்துவிட்டார். பிறகுதான் கிளிப் பேச்சு வந்தது.

செய்த விதத்தைச் சொல்கிறேன். முழு மயக்கம் கொடுத்தார்கள். வலது தொடை மடிப்பில் உள்ள சிரை வழியாகக் குழாயை ஏற்றி, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் சிறு துளையிட்டு, இடதுபுறம் போய், இதழ்கள் கசியும் இடத்தில் இரண்டையும் கிளிப்பால் பிடித்துவிடுகிறார்கள். வால்வு நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாசலாகிவிடும். நெஞ்சில் கத்தி படவில்லை, இதயத்தை நிறுத்தவும் இல்லை. வாய் வழியே உணவுக்குழாயில் எக்கோ கருவியை இறக்கி அதைப் பார்த்தபடியே எல்லாம் நடக்கிறது. முதலில் பிடித்த இடம் சரிப்படவில்லையாம். விடுவித்து, கொஞ்சம் தள்ளி மறுபடி பிடித்தார்களாம். கழற்றிவிடும் கடைசி நிமிடம் வரை இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் விளக்கினார்.

மயக்கம் தெளிந்ததும் அப்பா சொன்ன முதல் குறை தொண்டை எரிச்சல். இரண்டாவது குறை காலை மடக்கவே விடவில்லை என்பது. தொடையில் ஒரு தையல், மேலே ஒரு கட்டு, அவ்வளவே. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். எழும்பூரில் ரயிலேறி ஊருக்கு வந்தோம். இப்போது மெதுவாக என்றாலும் தானே கடைக்குப் போகிறார். கசிவு முழுதும் நின்றுவிடவில்லை. லேசாக இருக்கிறது என்கிறது எக்கோ.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: சிலருக்கு ஒரு கிளிப் போதாது, இரண்டாவது போட வேண்டிவரும். அதற்குத் தனிக் கட்டணமா, மொத்தத்தில் அடக்கமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனமும் மைகிளிப் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. வெளிநாட்டுக் கிளிப், உள்நாட்டுக் கிளிப் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு கேளுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

குறிச்சித் தம்பியின் அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. அது நாண் அறுந்த கேஸ். அம்பைத் தம்பியின் அம்மாவுக்கு இதயமே விரிந்திருக்கிறது. அந்த வகைக்கு 2018இல் பிரான்சில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி, கிளிப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று முடிவு வந்திருப்பதாகப் படித்தேன். இதை ஏன் எந்த மருத்துவமனையும் வாசலில் எழுதி வைப்பதில்லை?

அம்பைக்காரன்:

எக்கோ அக்கா கேட்ட விவரம் இதோ. இதழ்கள் இயல்பு, நாண்கள் இயல்பு, இடது கீழறை விரிந்திருக்கிறது, இரண்டாம்நிலைக் கசிவு என்றே எழுதியிருக்கிறார்கள். இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 58 மி.மீ. கசிவுத் துளையின் பரப்பு 0.38 ச.செ.மீ. ஒவ்வொரு துடிப்பிலும் பின்வாங்கும் ரத்தம் 52 மி.லி. நுரையீரல் அழுத்தம் 55. இ.சி.ஜி.யில் இடது கிளைத் தடை (இதயத்தின் இடதுபக்க மின்பாதையில் தடை), க்யூ.ஆர்.எஸ். (கீழறைகளில் மின்துடிப்பு பரவும் நேரம்) 156 மில்லிநொடி என்று இருக்கிறது. எக்கோ எடுத்தது மூச்சு முட்டி அவசரமாகச் சேர்த்த மறுநாள்.

மாத்திரைகள்: பியூரோசிமைடு 40, டிகாக்சின், எனலாபிரில் 2.5 இரண்டு வேளை, ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின். முன்பு மெட்டோபுரோலால் கொடுத்தார்கள். தலைசுற்றுகிறது என்று அம்மாவே நிறுத்திவிட்டார். இப்போது ரத்த அழுத்தம் 124/78. சிறுநீரகத்துக்கான பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2.

சிந்துபூந்துறை:

நான் இதய மருத்துவர். பிறந்தது சிந்துபூந்துறை, வேலை வெளியூரில். இணையத்தில் யாருக்கும் மருந்து எழுத மாட்டேன். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணாச்சி படித்தது உண்மை. மித்ரா-எஃப்.ஆர். என்ற பிரெஞ்சு ஆய்வில் 304 பேர். ஓராண்டில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் கிளிப் பக்கம் 54.6 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்கள் பக்கம் 51.3 சதவீதம். பலன் இல்லை. ஆனால் அதே 2018இல், சில வாரங்கள் கழித்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கோஆப்ட் ஆய்வின் முடிவு வந்தது. அதில் 614 பேர். இரண்டாண்டுகளில் இறப்பு கிளிப் பக்கம் 29.1 சதவீதம், மருந்துப் பக்கம் 46.1 சதவீதம். மருத்துவமனைச் சேர்க்கையும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

ஒரே கிளிப், நேரெதிர் முடிவு. எங்கள் துறையில் பல மாதங்கள் இதைப் பற்றித்தான் பேச்சு. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: பிரெஞ்சு ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு இதயம் மிகப் பெரிதாக விரிந்திருந்தது, கசிவு அந்த அளவுக்கு இல்லை. கசிவுத் துளையின் சராசரி அங்கே 0.31. கோஆப்ட்டில் 0.41, இதயமோ அவ்வளவு விரியவில்லை. இதயம் விரிந்த அளவுக்கு ஏற்ற கசிவுதான் என்றால் வால்வைப் பிடித்து என்ன பயன்? நோய் தசையில் இருக்கிறது. விரிவுக்கு மிஞ்சிய கசிவு என்றால் அந்தக் கசிவே இதயத்தைக் கெடுக்கிறது, அதை அடைத்தால் பலன் உண்டு.

இரண்டாவது வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். கோஆப்ட்டில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன், தாங்கக்கூடிய உச்ச அளவு வரை எல்லா மருந்தும் கொடுத்தாகிவிட்டதா என்று ஒரு மையக் குழு சரிபார்த்தது. கொடுத்தபின்னும் கசிவு கடுமையாக இருந்தால்தான் அனுமதி. மருந்தாலேயே கசிவு குறைந்தவர்கள் ஆய்வுக்குள் வரவே இல்லை.

இனி அம்மாவின் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள் தம்பி. இ.எஃப். 30 உள்ளவருக்கு இன்று நான்கு வகை மருந்து அடிப்படை: சகுபிட்ரில்-வல்சார்ட்டன் அல்லது அதற்கு ஈடானது, பீட்டா பிளாக்கர் (அம்மா நிறுத்திய மெட்டோபுரோலால் இந்த வகை), ஸ்பைரோனோலாக்டோன் போன்றது, டாபாகுளிஃப்ளோசின் போன்றது. அம்மாவுக்குக் கிடைப்பது அதில் ஒன்றில், அதாவது எனலாபிரிலில், கால் பங்கு. ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் இடம் கொடுக்கின்றன. அப்படியிருக்க இன்னும் ஏற்றாதது ஏன் என்று கேளுங்கள். பீட்டா பிளாக்கரில் தலைசுற்றினால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவதுதான் வழக்கம். அடியோடு விட்டுவிடுவதில்லை. எனலாபிரிலில் இருந்து சகுபிட்ரிலுக்கு மாறினால் நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம். இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து உண்டு. எனவே நீங்களாகக் கடையில் வாங்கி மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது இ.சி.ஜி. இடது கிளைத் தடையோடு க்யூ.ஆர்.எஸ். 150க்கு மேல், இ.எஃப். 35க்குள் என்றால் சி.ஆர்.டி. என்னும் ஒருவகைப் பேஸ்மேக்கரைப் பற்றிப் பேச வேண்டும். கீழறையின் இரண்டு சுவரும் முன்பின்னாகத் துடிப்பதை அது ஒருசேரத் துடிக்க வைக்கும். அதனாலேயே கசிவு குறைந்துவிடுவோர் பலர். மருந்தை முழுமையாக ஏற்றிச் சுமார் மூன்று மாதம் பார்த்தபின் அந்த முடிவு எடுப்பார்கள்.

இவ்வளவும் செய்தபின் கசிவு கடுமையாகவே நின்றால், கிளிப்புக்கு உங்கள் அம்மா பொருத்தமானவர்தான். கோஆப்ட் வைத்த வரம்பு: இ.எஃப். 20 முதல் 50, சுருங்கிய விட்டம் 70 மி.மீ.க்குள், நுரையீரல் அழுத்தம் 70க்குள். மூன்றுக்குள்ளும் அவர் வருகிறார். ஆகவே கிளிப் என்று சொன்ன டாக்டர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். வரிசைதான் முன்பின்னாகிவிட்டது.

பேட்டை அண்ணாச்சி:

டாக்டர் தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இருபது லட்சத்துக்குப் பதில் மாதம் சில நூறு ரூபாய் மாத்திரை என்றால் அதைச் சொல்லத்தான் யாருக்கும் நேரமில்லை போலும். இன்னும் ஒரு கேள்வி. கோஆப்ட்டில் கிளிப் போட்டுக்கொண்டவர்கள் அப்புறம் எத்தனை காலம் இருந்தார்கள்?

சிந்துபூந்துறை:

ஐந்தாண்டுக் கணக்கு 2023இல் வந்தது அண்ணாச்சி. இறப்பு கிளிப் பக்கம் 57.3 சதவீதம், மருந்துப் பக்கம் 67.2 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் கிளிப் போட்டவர்களிலும் பாதிக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டவில்லை. தசை நோய் அப்படியேதான் இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு. நிலத்தை விற்பதற்கு முன் குடும்பம் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன். அதேசமயம் மூச்சு முட்டாமல் படுத்துத் தூங்குவதும், மாதா மாதம் அவசரப் பிரிவுக்கு ஓடாமல் இருப்பதும் சிறிய லாபம் இல்லை.

முக்கூடல் பெண்:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு வயது 34. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) வந்து வால்வு கெட்டுவிட்டது என்கிறார்கள். கசிவும் இருக்கிறது, சுருக்கமும் இருக்கிறது. பீடி சுற்றி உட்கார்ந்து எழுந்தாலே படபடப்பு. அறுவை என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சைக் கிழிக்காமல் நானும் கிளிப் போட்டுக்கொள்ளலாமா? வீட்டில் இன்னும் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, தழும்பு தெரியுமே என்று அம்மா அழுகிறார்.

எக்கோ அறை:

தங்கச்சி, உனக்குக் கிளிப் சரிவராது. கிளிப் போட்டால் ஒரு வாசல் இரண்டு சின்ன வாசலாகும் என்று குறிச்சி அண்ணன் சொன்னார் அல்லவா? வால்வு ஏற்கெனவே சுருங்கியிருந்தால் கிளிப் இன்னும் அடைத்துவிடும். பொதுவாக வால்வின் திறப்பு 4 ச.செ.மீ.க்குக் குறையாமல் இருப்பவர்களுக்கே போடுகிறார்கள். மூட்டுக் காய்ச்சல் வால்வில் இதழ் தடித்து, ஓரம் ஒட்டி, சுண்ணாம்பும் படிந்திருக்கும். கிளிப்புக்குப் பிடிமானமே கிடைக்காது. சுருக்கம் மட்டும் இருந்தால் பலூனால் விரிக்கலாம், ஆனால் கசிவு அதிகமாக இருக்கும்போது பலூன் அதைக் கூட்டிவிடும்.

சிந்துபூந்துறை:

எக்கோ அறை சொன்னதோடு மூன்று செய்தி மட்டும் சேர்க்கிறேன். ஒன்று, குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் அம்மா. உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாத மருந்து வேண்டும், கருவுக்கு அதனால் சிக்கல் உண்டு. முடிந்தவரை சொந்த வால்வைச் செப்பனிடுவதா, திசு வால்வா, உலோக வால்வா என்பது அதைப் பொறுத்து மாறும். இரண்டாவது செய்தி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை அறுவைக்குப் பின்னும் டாக்டர் சொல்லும் வரை விடாதீர்கள். மூன்று, நாகர்கோவிலைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. சித்ரா வால்வை உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்தியவர்கள் அவர்களே. நம் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் நெடுங்காலமாகப் போய்வரும் இடம்.

குறிச்சிக்காரர்:

தழும்பைப் பற்றி ஒன்று. என் மைனிக்கு வலது மார்புக்குக் கீழே விலா இடுக்கில் சிறு வெட்டுப் போட்டு வால்வைச் சரிசெய்தார்கள். இப்போது வெளியில் தெரிவதே இல்லை. தங்கச்சி அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வெட்டுத்தான் சின்னது. உள்ளே இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் எந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்யும் முழு அறுவை அது. என் அப்பாவுக்குச் செய்ததும் மைனிக்குச் செய்ததும் வேறு வேறு. இரண்டையும் 'கீஹோல்' என்று ஒரே பெயரில் சொல்லித்தான் குழப்புகிறார்கள்.

சிந்துபூந்துறை:

சரியாகச் சொன்னீர்கள். உடம்பு தாங்கும் என்றால், முதல்நிலைக் கசிவுக்கு அறுவையில் செப்பனிடுவதே இன்றும் கிளிப்பைவிட உறுதியானது. 2011இல் வெளியான எவரெஸ்ட்-2 ஆய்வில் 279 பேர். ஐந்தாண்டுக்குள் வால்வுக்காக அறுவை தேவைப்பட்டவர்கள் கிளிப் பக்கம் 27.9 சதவீதம், அறுவைப் பக்கம் மறு அறுவை 8.9 சதவீதம். கிளிப்பின் மூல யோசனையே அறுவை அறையில் பிறந்ததுதான். இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியெரி 1991இல் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு தையலால் சேர்த்துக் காட்டினார். அந்தத் தையலின் வேலையைத்தான் 2003இல் இருந்து குழாய் வழியாகக் கிளிப் செய்கிறது. 55 வயதில் நாண் அறுந்து, மற்றபடி திடமாக இருக்கும் ஒருவர் வலிக்குப் பயந்து கிளிப் கேட்டால் நான் தடுத்துத்தான் பேசுவேன்.

கல்லிடை மதினி:

எல்லாரும் வால்வைப் பற்றிப் பேசுகிறீர்கள், வாயைப் பற்றி யாரும் பேசவில்லை! என் மாமியாருக்கும் இதே இதய விரிவுதான். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர் போனது. அப்பளம், கூழ்வற்றல், மோர்மிளகாய், மாவடு, நார்த்தங்காய் ஊறுகாய் என்று வீட்டில் ஒரு அலமாரி நிறைய உப்பு இருக்கிறது. மாமியார் சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம் இரண்டு என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் பிறகு ஆஸ்பத்திரி. பேத்திதான் கண்டுபிடித்தாள். அப்பளத்தை நிறுத்தினோம். சொதிக்குத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் இஞ்சியும் இருக்கும்போது உப்பு பாதி போதும், ருசி கெடுவதில்லை. கருவாடு சாப்பிடும் வீட்டார் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு சிஸ்டர்:

மதினி சொன்னது நூற்றுக்கு நூறு. முப்பது ஆண்டுக்கு மேல் வார்டில் நின்றவள் நான். அமாவாசை, பொங்கல், ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள் மூச்சிரைப்போடு வருபவர்களை எதிர்பார்த்தே இருப்போம்.

அம்பைத் தம்பி, ஒரு எடை எந்திரம் வாங்குங்கள். காலையில் சிறுநீர் போனபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் அம்மாவை ஏற்றி நாட்குறிப்பில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன் எடை சொல்லிவிடும். அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

பண விஷயம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சென்னையில் சொன்ன தொகைக்கு அது எட்டாது என்றாலும், பேஸ்மேக்கர் போன்றவற்றுக்கு அட்டை உதவுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சையின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி அட்மிஷன் போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஒருமுறை காட்டி இரண்டாவது கருத்தும் வாங்குங்கள். காலையில் நேரத்தோடு போனால் நல்லது.

அம்பைக்காரன்:

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சொல்ல ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்ததுதான். டாக்டர் அண்ணன் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பாளையங்கோட்டை டாக்டரிடமே போனேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அவசர நிலையில் பார்த்ததால் முதலில் நீரை இறக்குவதில் குறியாக இருந்தோம், இனி மருந்தை ஒவ்வொன்றாக ஏற்றலாம்" என்றார். 36 மணி நேர இடைவெளியை அவரே சொன்னார். பீட்டா பிளாக்கரைக் கால் மாத்திரையில் தொடங்கினார். தலைசுற்றல் வந்தது. படுக்கையில் இருந்து மெல்ல எழச் சொன்னதும் அடங்கிவிட்டது.

நாலைந்து மாதமாகிறது. அம்மா இப்போது ஒரே தலையணையில் படுக்கிறார். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. புது எக்கோவில் இ.எஃப். 34. கசிவுத் துளை 0.24, மிதமான கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். கிளிப் இப்போது தேவையில்லை, சி.ஆர்.டி. பற்றி அடுத்த மாதம் முடிவெடுக்கலாம் என்றார் டாக்டர். வயல் கைமாறவில்லை.

பேட்டை அண்ணாச்சி:

நான் அப்போதே சொன்னேன்!

சிந்துபூந்துறை:

அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். இதே மருந்தை இதே அளவு கொடுத்தும் கசிவு அசையாத நோயாளிகள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்கள் கிளிப் போட்டுக்கொண்டபின் படியேறி வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாவுக்கு மருந்து கேட்டிருக்கிறது. நாளை மறுபடி கசிவு கூடினால் கிளிப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதற்காகப் பழைய எக்கோ, புது எக்கோ இரண்டின் வீடியோ பதிவையும் சி.டி.யில் வாங்கி வையுங்கள் தம்பி. கிளிப் போடும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அச்சிட்ட தாளை வைத்து இதழ் எப்படி அசைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொட்டாசியம், கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அம்பைக்காரன்:

ஆம், தொடங்கியிருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டதால் அம்மா தினமும் இளநீர் கேட்கிறார். தோட்டத்து இளநீர்தான், கொடுக்கலாமா? உப்பு குறைக்கச் சொன்னதால் அண்ணன் கடையில் 'குறைந்த சோடியம்' என்று எழுதிய உப்புப் பாக்கெட் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார்.

சிந்துபூந்துறை:

அந்தப் பாக்கெட்டை இன்றே ஒதுக்கி வையுங்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோனும் சகுபிட்ரில்-வல்சார்ட்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும் மருந்துகள். மூன்றும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், தினமும் வேண்டாம். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை முழுதும் நிறுத்துங்கள். பொட்டாசியம் 5க்குக் கீழே இருந்தால் எப்போதாவது அரை டம்ளர் கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு அவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அரை டம்ளரும் அதற்குள் அடங்க வேண்டும்.